வரிசைமாற்ற ஃபங்ஷன்களுக்கு ஆவணம் எழுதுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு பட்டியலைக் கொடுத்தால் அதன் வரிசைமாற்றங்களை (உறுப்புகளை அடுக்கும் வெவ்வேறு விதங்களை) உருவாக்கித் தரும் ஃபங்ஷனை எழுதி முடித்து, அதற்கு டாக்ஸ்ட்ரிங் (நிரலுக்குள்ளேயே எழுதும் விளக்கம்) எழுதத் தொடங்கும் கோலாலம்பூர், பினாங்குத் தமிழ் நிரலாளர்களுக்கான பக்கம் இது. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் பைத்தானில் இருக்கும். சி++, ரூபி, ஹாஸ்கெல் இடையிடையே வரும்.

"எல்லா வரிசைமாற்றங்களையும் தரும்" என்று ஒரு வரி எழுதினால் போதாதா?

போதாது. ஐந்தாம் படிவத்தில் கூடுதல் கணிதம் படித்தவர் கால்குலேட்டரில் வரிசைமாற்றங்களை எண்ணும் என்பிஆர் பொத்தானை அழுத்தி ஓர் எண்ணைப் பெற்றுப் பழகியவர். உங்கள் ஃபங்ஷன் எண்ணிக்கையைத் தருமா, வரிசைகளையே தருமா என்பதுதான் அவருடைய முதல் சந்தேகம். பைத்தானில் எண்ணிக்கைக்கு மேத்.பெர்ம் (3.8 பதிப்பு முதல்), வரிசைகளுக்கு இட்டர்டூல்ஸ்.பெர்மியூட்டேஷன்ஸ் (2.6 முதல்) என்று இரண்டும் தனித்தனியே இருக்கின்றன.

முதல் வரி நான்கு விஷயங்களைச் சொல்ல வேண்டும்: வருவது என்ன வகை (மாற்ற முடியாத டப்பிளா, மாற்றக்கூடிய லிஸ்டா, எழுத்துகளாலான சரமா), ஒவ்வொன்றாக வருமா மொத்தமாக வருமா, உறுப்புகளை மதிப்பால் வேறுபடுத்துகிறதா இடத்தால் வேறுபடுத்துகிறதா, கொடுத்த பட்டியல் மாறுமா. இவ்வளவையும் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம்: "பட்டியலைத் தொடாமல், இடத்தால் வேறுபடும் ஒவ்வொரு வரிசையையும் ஒரு டப்பிளாக, கேட்கக் கேட்கத் தரும்."

ஒரே மதிப்பு இரண்டு முறை இருந்தால் என்ன ஆகும்?

புகார்கள் அதிகம் வருவது இங்கேதான். பைத்தானின் இட்டர்டூல்ஸ் இடத்தை மட்டுமே பார்க்கும், மதிப்பைப் பார்க்காது. 1, 1, 2 கொடுத்தால் ஆறு வரிசைகள் வரும். அவற்றில் மூன்று, மற்ற மூன்றின் மறுபதிப்பு. சி++-இன் நெக்ஸ்ட்_பெர்மியூட்டேஷன் மதிப்பைப் பார்க்கும். அதே 1, 1, 2-க்கு மூன்றுதான் தரும். இரண்டும் சரியான நடத்தைகளே. எது உங்களுடையது என்று எழுதாமல் விடுவதுதான் தவறு.

நான்கிலக்க எண் குலுக்கலில் ஓர் எண்ணின் எல்லா வரிசைகளுக்கும் சேர்த்துப் பணம் கட்டும் "பாக்ஸ்" முறை தெரிந்தவருக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. நான்கு இலக்கமும் வேறு என்றால் 24, ஒரு ஜோடி இருந்தால் 12, இரண்டு ஜோடி என்றால் 6, மூன்று ஒன்றாக இருந்தால் 4. ஆவணத்தில் 1123-ஐ எடுத்துக்காட்டாக வைத்து, "24 வரும், மறுபதிப்புகளை நீக்கினால் 12" என்று எழுதினால் படிப்பவருக்கு உடனே பிடிபடும். அதே எடுத்துக்காட்டில் இன்னொரு பள்ளமும் உண்டு: 0123-ஐ முழு எண்ணாகக் கொடுத்தால் முன்னால் உள்ள பூஜ்யம் காணாமல் போகும். உள்ளீடு சரமாகவோ இலக்கப் பட்டியலாகவோ இருக்க வேண்டும் என்பதையும் எழுதிவையுங்கள்.

"வேண்டாதவற்றை செட்டில் போட்டு வடிகட்டிக்கொள்ளுங்கள்" என்று எழுதுவதற்கு முன் யோசியுங்கள். செட் (ஒரே மதிப்பை இருமுறை வைக்காத தொகுப்பு) எல்லாவற்றையும் நினைவகத்தில் வைத்திருக்கும், வரிசையைக் குலைக்கும், ஹாஷ் செய்ய முடியாத உறுப்புகளை (லிஸ்டுக்குள் லிஸ்ட்) ஏற்காது. பத்து உறுப்புகளும் ஒன்றே என்றால் ஒரே ஒரு விடைக்காக 3,628,800 வரிசைகளை உருவாக்கித் தூக்கிப் போடும். மோர்-இட்டர்டூல்ஸ் நூலகத்தில் இதற்கென்றே டிஸ்டிங்ட்_பெர்மியூட்டேஷன்ஸ் இருக்கிறது. வாசகரை அங்கே அனுப்புவது நேர்மையான வழி.

எது முதலில், எது அடுத்து வரும் என்ற வரிசைக்கு உத்தரவாதம் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், கொடுக்காமலும் விடலாம். ஆனால் இரண்டில் ஒன்றை எழுத்தில் சொல்லியே ஆக வேண்டும். ஒன்றும் சொல்லாவிட்டால், இன்று வரும் வரிசையையே வாக்குறுதியாக எடுத்துக்கொண்டு யாரோ ஒருவர் தம் நிரலைக் கட்டிவிடுவார்; பிறகு அல்காரிதத்தை மாற்றினால் அவருடைய நிரல் உடையும், பழி உங்கள் மேல் வரும்.

நடைமுறையில் நான்கு மொழிகளில் நான்கு விதமாக இருக்கிறது. பைத்தான், உள்ளீட்டில் உறுப்புகள் இருக்கும் இடத்தை வைத்து ஏறுவரிசையில் தரும் என்று உறுதி சொல்கிறது. உள்ளீடு வரிசைப்படுத்தப்பட்டிருந்தால் வெளியீடும் அப்படியே இருக்கும். ரூபியின் ஆவணம், வரிசைக்கு உத்தரவாதம் இல்லை என்று வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறது. ஹாஸ்கெலின் பெர்மியூட்டேஷன்ஸ் க, ச, ட என்ற பட்டியலுக்குக் கசட, சகட, டசக, சடக, டகச, கடச என்று தரும். சி++ ஒவ்வொரு அழைப்பிலும் மதிப்பளவில் அடுத்ததைத் தரும். கடைசியை எட்டியதும் ஃபால்ஸ் திருப்பி, பட்டியலை முதல் வரிசைக்கே கொண்டுபோய்விடும். அதனால் சி++-இல் எல்லாம் வேண்டுமென்றால் முதலில் வரிசைப்படுத்த வேண்டும். 3, 1, 2-இல் தொடங்கினால் 3, 1, 2-ம் 3, 2, 1-ம் மட்டுமே கிடைக்கும். "ஏன் இரண்டுதான் வருகிறது" என்று கேட்பவர்களில் பெரும்பாலோர் இந்த ஒரு வரியைத் தவறவிட்டவர்களே.

வரிசைமாற்றங்களை உருவாக்கும் இன்னொரு முறையான ஹீப்பின் அல்காரிதம் (1963) என்றால், ஒவ்வொரு அடியிலும் ஒரே ஒரு இடமாற்றம்தான் நடக்கும். கசட, சகட, டகச, கடச, சடக, டசக என்று போகும். "அடுத்தடுத்த இரண்டு வரிசைகள் ஒரே இடமாற்றத்தால் வேறுபடும்" என்பது சில பயனர்களுக்கு ஏறுவரிசையை விட மதிப்புள்ள வாக்குறுதி. அதைத் தரப்போகிறீர்கள் என்றால், முதலில் நிரலைச் சரிபாருங்கள்: இந்த அல்காரிதத்தின் பரவலாகப் புழங்கும் ஒரு வடிவம் சுழலின் கடைசியில் தேவையில்லாமல் இன்னொரு இடமாற்றம் செய்யும். எல்லா வரிசைகளும் வந்துவிடும், அதனால் எண்ணிக்கைச் சோதனையில் தேறிவிடும். "ஒரே இடமாற்றம்" என்ற வாக்கு மட்டும் பொய்யாகிவிடும்.

"அடுத்த வரிசை" எப்படிக் கண்டுபிடிக்கப்படுகிறது என்று ஆவணத்தில் விளக்க வேண்டுமா?

ஒரு பத்தி போதும். 1 3 4 2 என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். வலது ஓரத்திலிருந்து இடப்பக்கம் வந்தால், தன் வலது பக்கத்து எண்ணை விடச் சிறியதாக முதலில் அகப்படுவது 3. அதற்கு வலப்பக்கம் 3-ஐ விடப் பெரியவற்றில் கடைசியில் இருப்பது 4. இரண்டையும் மாற்றினால் 1 4 3 2. மாற்றிய இடத்துக்கு வலப்பக்கம் முழுவதையும் திருப்பிப் போட்டால் 1 4 2 3. அவ்வளவுதான். இந்த முறையை நாராயண பண்டிதர் 1356-இல் எழுதிய கணித கௌமுதியிலேயே காணலாம்.

இதை விளக்குவதால் ஒரு நடைமுறைப் பயன் உண்டு. பயனர் தம் சொந்த ஒப்பீட்டு ஃபங்ஷனைக் கொடுக்கும்போது "சிறியது" என்பதற்குப் பதில் "சிறியது அல்லது சமம்" என்று எழுதிவிட்டால், 1, 1 என்ற பட்டியலில் எப்போதும் "அடுத்தது" அகப்பட்டுக்கொண்டே இருக்கும், சுழல் நிற்காது. சி++ தரத்தின்படி அப்படிப்பட்ட ஒப்பீட்டைக் கொடுப்பதே விதிமீறல். ஒப்பீடு கண்டிப்பான "சிறியது" ஆகத்தான் இருக்க வேண்டும் என்று அளவுருவின் விளக்கத்திலேயே எழுதுங்கள். தனிக் குறிப்பாக அடியில் போட்டால் யாரும் படிப்பதில்லை.

தமிழ்ச் சொல்லைக் கொடுத்தால் குப்பையாக வருகிறதே?

ஃபங்ஷன் சரியாகத்தான் வேலை செய்கிறது. ஆவணம்தான் சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை. பைத்தான் ஒரு சரத்தை எழுத்துகளாக அல்ல, யூனிகோட் குறியீட்டுப் புள்ளிகளாக (ஒவ்வொரு குறிக்கும் யூனிகோட் தரும் தனி எண்களாக) பிரிக்கிறது. "பினாங்கு" நமக்கு நான்கு எழுத்து: பி, னா, ங், கு. பைத்தானுக்கு எட்டு: ப, இகரக் குறி, ன, கால், ங, புள்ளி, க, உகரக் குறி. ஆகவே 24 வரிசைகளுக்குப் பதில் 40,320 வரும். அவற்றில் ஏராளமானவை உயிர்க்குறியிலேயே தொடங்கும். திரையில் புள்ளிவட்டத்தோடு தொங்கும். ஆங்கிலச் சொற்களை மட்டும் வைத்துச் சோதித்த நூலகத்தில் இது யார் கண்ணிலும் படாது.

இன்னொரு சிக்கல் மறைவாக இருக்கும். "கோ"வில் உள்ள ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் வைக்கலாம், இரட்டைக்கொம்பும் காலும் என இரண்டு குறிகளாகப் பிரித்தும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான். "கோலம்" முதல் வகையில் ஐந்து குறியீட்டுப் புள்ளிகள், 120 வரிசைகள். இரண்டாம் வகையில் ஆறு புள்ளிகள், 720 வரிசைகள். ஒரே சொல்லுக்கு இரண்டு கணினிகளில் இரண்டு எண்ணிக்கை வந்தால் காரணம் பெரும்பாலும் இதுவே. பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் யூனிகோட்டின் என்எஃப்சி வடிவத்துக்கு முதலில் மாற்றிக்கொண்டால் சரியாகிவிடும்.

அதற்குப் பிறகு எழுத்துகளாகப் பிரிக்க வேண்டும். ஓப்பன்-தமிழ் நூலகத்தின் கெட்_லெட்டர்ஸ் அதைச் செய்யும். பிரித்த பட்டியலை வரிசைமாற்ற ஃபங்ஷனுக்குக் கொடுத்து, வரும் டப்பிளைச் சேர்த்தால் வேலை முடிந்தது. "தாத்தா"வை இப்படிக் கொடுத்தால் தா, த், தா என மூன்று உறுப்புகள். இட முறையில் ஆறு, மதிப்பு முறையில் மூன்று. மேலே சொன்ன இரண்டு பிரச்சினைகளையும் ஒரே எடுத்துக்காட்டில் காட்ட இதை விடச் சிறிய சொல் தேவையில்லை.

சரி, "அகராதி வரிசையில் தரும்" என்று தமிழில் எழுதலாமா?

எழுதினால் வாசகர் தமிழ் அகராதியைத்தான் நினைப்பார். கணினி ஒப்பிடுவது குறியீட்டுப் புள்ளிகளை. யூனிகோட்டில் ன, நவுக்கு அடுத்து, பவுக்கு முன்னால் இருக்கிறது. தமிழ் நெடுங்கணக்கில் ன கடைசி மெய். ல, ன, ப என்ற மூன்றையும் வரிசைப்படுத்தினால் கணினி ன, ப, ல என்று தரும். தமிழாசிரியர் ப, ல, ன என்பார். ற, ள, ழ, வ-விலும் இதே கதை. "குறியீட்டுப் புள்ளிகளின் ஏறுவரிசை" அல்லது "உள்ளீட்டில் இருக்கும் இடத்தின் ஏறுவரிசை" என்று எழுதுங்கள்.

வெளியீட்டை லிஸ்டில் சேர்த்தால் எல்லாம் ஒன்றாகவே இருக்கிறது. ஏன்?

ஃபங்ஷன் ஒவ்வொரு முறையும் புதிய பட்டியலைத் தராமல், ஒரே பட்டியலை உள்ளுக்குள் மாற்றி மாற்றித் திருப்பித் தருகிறது. சுழலுக்குள் அச்சிட்டால் க ச ட, ச க ட என்று அழகாக வரும். லிஸ்டில் சேர்த்துவிட்டு அச்சிட்டால் ஆறு இடத்திலும் ட ச க. ஆறும் ஒரே பொருளைச் சுட்டுகின்றன. அந்தப் பொருள் கடைசி வரிசையில் நின்றுவிட்டது.

வேகத்துக்காக இப்படி எழுதுவதில் தவறில்லை. ஆனால் ஆவணத்தில் மூன்று வரிகள் கட்டாயம்: தரப்படும் பட்டியல் அடுத்த அடியில் மாறும், வைத்துக்கொள்ள வேண்டுமானால் நகல் எடுக்கவும், பாதியில் சுழலை விட்டு வெளியேறினால் பட்டியல் அந்த நிலையிலேயே நிற்கும், பழைய வரிசைக்குத் திரும்பாது. மூன்றாவதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

(சிபைத்தானின் இட்டர்டூல்ஸும் உள்ளே இப்படி ஒரு சிக்கனம் செய்கிறது: முந்தைய டப்பிளை வேறு யாரும் பிடித்துவைத்திருக்கவில்லை என்றால் மட்டும் அதையே மீண்டும் பயன்படுத்தும். பயனருக்குத் தெரியாது, அதனால் ஆவணத்தில் தேவையும் இல்லை.)

காலிப் பட்டியல், பட்டியலை மிஞ்சும் நீளம், எதிர்ம எண்?

காலிப் பட்டியலுக்கு விடை ஒன்று: ஒரே ஒரு காலி வரிசை. 0! என்பது 1. ஒன்றும் தராமல் முடியும் ஃபங்ஷன் தவறானது. ரிகர்ஷனில் (ஃபங்ஷன் தன்னையே அழைக்கும் முறையில்) அடிப்படை நிலையை மறந்து எழுதியவர்களிடம் இது அடிக்கடி வரும். நீளம் (ஒரு வரிசையில் எத்தனை உறுப்பு வேண்டும் என்பது) 0 கேட்டாலும் அதே விடை.

மூன்று உறுப்பில் நான்கு கேட்டால் பைத்தான் பிழை எழுப்பாது. ஒன்றும் தராமல் அமைதியாக முடிந்துவிடும். எதிர்ம நீளத்துக்கு வேல்யூஎர்ரர் என்ற பிழையை எழுப்பும். ரூபி இரண்டுக்கும் ஒன்றும் தராது. உங்களுடையது எப்படி என்று எழுதுங்கள். குறிப்பாக அமைதியாக முடியும் இடத்தை.

"வேகமானது" என்று எழுதலாமா?

வேண்டாம், எண்களை எழுதுங்கள். நொடிக்கு ஒரு மில்லியன் வரிசைகள் என்று வைத்துக்கொண்டால்:

10 உறுப்பு: 3,628,800, நான்கு நொடிக்குள்.
12 உறுப்பு: 479,001,600; எட்டு நிமிடம்.
13 உறுப்பு: 6,227,020,800, ஒன்றே முக்கால் மணி நேரம்.
15 உறுப்பு: பதினைந்து நாள்.
20 உறுப்பு: எழுபதாயிரம் ஆண்டுகளுக்கு மேல்.

இந்த ஐந்து வரிகள் "பெரிய உள்ளீட்டில் கவனம் தேவை" என்ற பொத்தாம்பொதுவான எச்சரிக்கையை விட நன்றாக வேலை செய்யும். நினைவகத்துக்கும் ஒரு வரி சேர்க்கலாம்: 10 உறுப்புகளின் எல்லா வரிசைகளையும் லிஸ்டாக்கினால் 64-பிட் பைத்தானில் 400 எம்பிக்கு மேல் போகும். சுழலில் ஒவ்வொன்றாக எடுத்தால் அந்தச் செலவே இல்லை. முடிவில்லாத இட்டரேட்டரை (உறுப்புகளை ஒவ்வொன்றாகத் தரும் மூலத்தை) கொடுக்கக் கூடாது என்பதையும் சொல்லுங்கள். பைத்தான் முதல் வரிசையைத் தருவதற்கு முன்பே உள்ளீடு முழுவதையும் நகலெடுக்கும், ஆகவே அது திரும்பி வராது.

எண்ணிக்கையைத் தனி ஃபங்ஷனாகத் தருகிறீர்கள் என்றால் எல்லையையும் எழுத வேண்டும். 13! ஒரு 32-பிட் முழு எண்ணில் அடங்காது. 20! குறியுள்ள 64-பிட்டில் அடங்கும், 21! குறியில்லாத 64-பிட்டிலும் அடங்காது.

உறுப்புகளைக் குறைக்கும் வழியைக் காட்டுவதும் ஆவணத்தின் வேலைதான். பிரிக்பீல்ட்ஸில் புறப்பட்டு, பங்சார், செந்தூல், பத்துமலை என்று ஒன்பது இடங்களில் பொருளைக் கொடுத்துவிட்டு பிரிக்பீல்ட்ஸுக்கே திரும்பும் வண்டிக்கு மிகக் குறுகிய பாதை வேண்டும். பத்து இடங்களையும் ஃபங்ஷனிடம் கொடுக்கிறவர்கள் நிறைய. புறப்படும் இடம் மாறாது என்பதால் மற்ற ஒன்பதை மட்டும் கொடுத்தால் 362,880 போதும். பாதையைத் திருப்பிப் போட்டாலும் தூரம் ஒன்றே என்று அதையும் பாதியாக்கப் பாடநூல்கள் சொல்லும். ஒருவழிச் சாலைகள் நிறைந்த கோலாலம்பூரில் அந்தக் கணக்கு செல்லாது.

சீரற்ற ஒரு வரிசை வேண்டும். அதையும் இதே பக்கத்தில் எழுதலாமா?

தனியாக எழுதுங்கள், பெயரிலும் பிரித்துவையுங்கள். பைத்தானின் கணித நூலகமான நம்பையில் ரேண்டம்.பெர்மியூட்டேஷன் நகலைக் கலைத்துத் தரும், ரேண்டம்.ஷஃபிள் கொடுத்த பட்டியலையே கலைக்கும். பைத்தானின் ஷஃபிளும் அப்படியே, திருப்பித் தருவது "ஒன்றுமில்லை" எனப் பொருள்படும் நன் (None). அதன் விடையை மாறியில் வாங்கிக்கொண்டு பட்டியலைத் தொலைத்தவர்கள் பலர்.

நீண்ட பட்டியலுக்கு ஒரு குறிப்பு: பைத்தான் சீரற்ற எண்களை உருவாக்கப் பயன்படுத்தும் மெர்சென் ட்விஸ்டரின் சுழற்சிக்குள் அடங்கும் மிகப் பெரிய நீளம் 2080. அதைத் தாண்டினால் பெரும்பாலான வரிசைகள் வரவே வராது. பைத்தானின் ஆவணம் இதைச் சொல்கிறது, உங்களுடையதும் சொல்லலாம்.

"15-ஆவது வரிசையைத் தா" என்ற ஃபங்ஷனுக்கு என்ன எழுதுவது?

எண்ணிக்கை 0-இல் தொடங்குகிறதா, 1-இலா என்பதை. அ, ஆ, இ, ஈ என்ற நான்கில், 0-இலிருந்து எண்ணினால் 15 என்பது 2×6 + 1×2 + 1×1. ஆகவே இ, ஆ, ஈ, அ. 1-இலிருந்து எண்ணினால் இ, ஆ, அ, ஈ. ஒரு படி தள்ளியிருப்பதால் பிழை பார்வைக்குத் தெரியாது. இந்த எடுத்துக்காட்டை அப்படியே ஆவணத்தில் வையுங்கள்.

முழு டாக்ஸ்ட்ரிங் ஒன்றைக் காட்ட முடியுமா?

பைத்தான் 3-இல் ஃபங்ஷன் பெயரைத் தமிழிலேயே வைக்கலாம். "வரிசைகள்" என்ற ஃபங்ஷனுக்கு:

வரிசைகள்(பட்டியல், நீளம்)
பட்டியலிலிருந்து நீளம் அளவு உறுப்புகளை எடுத்து அடுக்கும் ஒவ்வொரு வரிசையையும் டப்பிளாக, ஒவ்வொன்றாகத் தரும். பட்டியல் மாறாது, தொடக்கத்திலேயே நகலெடுக்கப்படும்.
உறுப்புகள் இடத்தால் வேறுபடுத்தப்படும். ஒரே மதிப்பு இருமுறை இருந்தால் ஒரே மாதிரி வரிசைகள் திரும்ப வரும்.
வரிசை: உள்ளீட்டு இடங்களின் ஏறுவரிசை. இது உத்தரவாதம்.
சரம் கொடுத்தால் குறியீட்டுப் புள்ளிகளாகப் பிரியும். தமிழ்ச் சொல்லை முதலில் எழுத்துகளாகப் பிரிக்கவும்.
நீளம் பட்டியலை மிஞ்சினால் ஒன்றும் வராது. எதிர்ம எண்ணுக்கு வேல்யூஎர்ரர்.
எண்ணிக்கை: 5 உறுப்பு, நீளம் 2 என்றால் 5!/3! = 20.
>>> லிஸ்ட்(வரிசைகள்("கசட", 2))
[('க', 'ச'), ('க', 'ட'), ('ச', 'க'), ('ச', 'ட'), ('ட', 'க'), ('ட', 'ச')]
>>> லிஸ்ட்(வரிசைகள்([], 0))
[()]

வரிசைக்கு உத்தரவாதம் இல்லை என்று எழுதிவிட்டு, டாக்டெஸ்ட் (ஆவணத்தில் உள்ள எடுத்துக்காட்டையே ஓட்டிப் பார்க்கும் சோதனை) வைப்பது எப்படி?

வெளியீட்டை அப்படியே டாக்டெஸ்டில் ஒட்டினால் அதுவே ஒரு வாக்குறுதி ஆகிவிடும். மேலே எழுதிய மறுப்பை விட வாசகர் எடுத்துக்காட்டைத்தான் நம்புவார். வெளியீட்டை வரிசைப்படுத்திய பிறகு காட்டுங்கள், அல்லது எண்ணிக்கையையும் மறுபதிப்பு இல்லை என்பதையும் மட்டும் சோதியுங்கள். உத்தரவாதம் தந்திருந்த வரிசையைப் பிற்பாடு மாற்றுகிறீர்கள் என்றால் முதன்மைப் பதிப்பு எண்ணை உயர்த்த வேண்டும். தராத வரிசையை மாற்றினாலும் மாற்றக் குறிப்பில் ஒரு வரி எழுதுங்கள், ஏனென்றால் யாரோ ஒருவர் அதை நம்பியிருப்பார்.